சவுலும் தாவீதும்: இரண்டு பாவ அறிக்கைகள்

இஸ்ரவேலின் ராஜாக்களான இவர்கள் இருவரும் தீர்க்கதரிசியின் முன்னால் நின்று "பாவஞ்செய்தேன்" என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

சவுலைப் பாருங்கள் (1 சாமுவேல் 15). அமலேக்கியர் என்ற எதிரி ஜனத்தை ஆடுமாடுகளோடு முற்றிலும் அழிக்கவேண்டும் என்பது கர்த்தரின் கட்டளை. அமலேக்கியரிடம் கொள்ளையிட்ட ஆடுமாடுகள் பின்னால் கத்திக்கொண்டிருக்க, கர்த்தர் சொன்னதை நிறைவேற்றிவிட்டேன் என்று தீர்க்கதரிசி சாமுவேலிடம் சொல்கிறார். பிடிபட்டதும் பழி ஜனங்கள்மேல் போகிறது. அப்புறம், எல்லாம் பலியிடத்தான் என்று ஒரு காரணம். பாவத்தை ஒப்புக்கொண்ட கையோடு, மூப்பர்கள் முன்னால் என்னைக் கனம்பண்ணும் என்று கேட்கிறார். தன் பார்வைக்குச் சிறியவராயிருந்தபோதுதான் அவர் ராஜாவானார் என்று சாமுவேல் நினைவூட்டுகிறாரே, அந்த அதிகாரத்தில் எனக்கு அதிகம் வலிப்பது அந்த இடம்தான்.

தாவீதின் குற்றம் இன்னும் கொடியது என்றே சொல்வேன். தன் போர்வீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகவைத்தார். ஆனால் தீர்க்கதரிசி நாத்தான், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்த கதையைச் சொல்லி, "நீயே அந்த மனுஷன்" என்றதும், தன் கட்டளையை நிறைவேற்றிய படைத்தலைவன் யோவாபைக் கைகாட்டவில்லை, மரியாதையைக் காப்பாற்றச் சொல்லவில்லை. தப்பு செய்த பிள்ளை அம்மாவிடம் "நான்தான்" என்று அழுவதுபோல ஒரே வரியில் ஒப்புக்கொண்டார். மத்தேயு 18இல் மனந்திரும்புவதையும் பிள்ளைகளைப்போல் ஆவதையும் இயேசு சேர்த்தே சொல்கிறார். அது இங்கே கண்ணெதிரே நடக்கிறது.

மன்னிப்பு உடனே கிடைத்தது. விளைவுகள் நீங்கவில்லை: குழந்தை இறந்தது, பட்டயம் (வாள்) அவர் வீட்டைவிட்டு விலகவில்லை. தண்டனைக்குத் தப்ப அவர் மனந்திரும்பவில்லை என்று நான் நம்புவது இதனால்தான்.