எஸ்க்யூஎல்ஆல்கெமியில் ஒரு டேபிளை மட்டும் தனியாக உருவாக்குவது: நீண்ட நாள் அனுபவம்

பைத்தானில் டேட்டாபேஸ் வேலை என்றால் பல வருடங்களாக எனக்கு எஸ்க்யூஎல்ஆல்கெமிதான். டேட்டாபேஸோடு பேச உதவும் பைத்தான் நூலகம் இது; மைக் பேயர் 2006இல் வெளியிட்டது. முழு நூலகத்தையும் இங்கே அலசப் போவதில்லை. மாடல் கிளாஸ்களை (டேபிளின் வடிவத்தைச் சொல்லும் பைத்தான் கிளாஸ்கள்) எழுதிய பிறகு, அதில் வேண்டிய டேபிளை மட்டும் கோடிலிருந்தே உருவாக்குவது எப்படி இருக்கிறது என்பது மட்டும்.

பாடங்களில் எல்லாம் மெட்டாடேட்டாவின் (டேபிள் விவரங்கள் பதிவாகும் ஆப்ஜெக்ட்) 'கிரியேட் ஆல்' ஒன்றைத்தான் காட்டுவார்கள். பதிவான எல்லா டேபிள்களையும் ஒரே மூச்சில் உருவாக்கிவிடும். ஆனால் ஒரு டெஸ்ட்டுக்கு இரண்டே டேபிள் போதும் என்கிறபோது அது அதிகப்படி. அப்போது வழி இரண்டு. ஒவ்வொரு மாடலுக்குள்ளும் இருக்கும் டேபிள் ஆப்ஜெக்டை எடுத்து அதன் 'கிரியேட்'டை அழைக்கலாம். இல்லையென்றால் 'கிரியேட் ஆல்'இடமே வேண்டிய டேபிள்களின் பட்டியலைக் கொடுக்கலாம்.

டேபிள் ஏற்கெனவே இருந்தால் 'கிரியேட் ஆல்' சத்தமில்லாமல் கடந்து போகும். தனி 'கிரியேட்' பிழை தரும். அதைத் தவிர்க்க, டேபிள் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லும் 'செக்ஃபர்ஸ்ட்' என்பதை நாமே ட்ரூ என்று வைக்க வேண்டும். இரண்டுக்கும் டிஃபால்ட் வேறாக இருப்பது இன்றுவரை எனக்குப் பிடிக்கவில்லை.

உண்மையான தலைவலி ஃபாரின் கீயில், அதாவது ஒரு டேபிள் இன்னொரு டேபிளைச் சுட்டும் இணைப்பில். ஆர்டர் டேபிள் கஸ்டமர் டேபிளைச் சுட்டுகிறது என்று வையுங்கள். கஸ்டமர் இல்லாமல் ஆர்டரை மட்டும் உருவாக்கினால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் அந்த இடத்திலேயே மறுத்துவிடும். எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஒன்றும் சொல்லாமல் உருவாக்கிவிடும். அங்கே ஃபாரின் கீ சோதனையே டிஃபால்ட்டாக அணைந்துதான் இருக்கிறது. எஸ்க்யூலைட்டில் டெஸ்ட் ஓட்டிவிட்டு சர்வரில் போஸ்ட்கிரெஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கஸ்டமர் மாடல் இருக்கும் ஃபைலை இம்போர்ட்டே செய்யவில்லை என்றால் கதை வேறு: டேட்டாபேஸ் வரை போகாமல் எஸ்க்யூஎல்ஆல்கெமியே நின்றுவிடும். பிழைச் செய்தி யாரிடமிருந்து வருகிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. பட்டியல் கொடுக்கும் வழியில் எது முன், எது பின் என்பதை அதுவே சரியாக அடுக்கிக்கொள்ளும். ஆனால் பட்டியலில் விட்டுப்போன டேபிளை அதுவாகச் சேர்க்காது. அதனால் உறவுள்ள டேபிள்கள் என்றால் எனக்குப் பட்டியல்தான். லாக் மாதிரி தனித்து நிற்கும் டேபிளுக்கு மட்டும் தனி 'கிரியேட்'.

2023 ஜனவரியில் வந்த எஸ்க்யூஎல்ஆல்கெமி 2.0இல் ஒரு மாற்றம் முக்கியம். டேபிளை உருவாக்கும்போது எஞ்சினை (டேட்டாபேஸ் இணைப்புகளை நிர்வகிக்கும் ஆப்ஜெக்ட்) கொடுத்தால் கமிட், அதாவது மாற்றத்தை நிரந்தரமாக்குவது, தானாக நடக்கும். கனெக்‌ஷனைத் திறந்து கொடுத்தால் கமிட் நம் பொறுப்பு. 1.x கோடை அப்படியே எடுத்து வந்தால், போஸ்ட்கிரெஸில் பிழையே வராமல் ஓடி முடியும், டேபிள் மட்டும் இருக்காது!

அப்புறம், இருக்கிறதா என்ற சோதனை பெயரை மட்டும்தான் பார்க்கிறது. மாடலில் புது நெடுவரிசை சேர்த்துவிட்டு எத்தனை முறை ஓட்டினாலும் பழைய டேபிள் பழையபடியே இருக்கும். அதற்கு மைக் பேயரே எழுதிய, டேபிளின் அமைப்பை மாற்ற உதவும் அலெம்பிக் என்ற கருவி இருக்கிறது. அதுவும் நெடுவரிசையின் பெயர் மாறியதைப் புரிந்துகொள்ளாது. பழையதை நீக்கி, புதியதைச் சேர்க்கும் ஸ்கிரிப்டைத்தான் எழுதித் தரும். படிக்காமல் ஓட்டினால் அந்த நெடுவரிசையில் இருந்த டேட்டா போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'கிரியேட் டேபிள்' என்ற சின்ன வசதி. டேபிளை உருவாக்காமல், அதற்கான எஸ்க்யூஎல் வரிகளை மட்டும் பிரிண்ட் செய்து பார்க்கலாம். அதை டிபிஏவிடம் (டேட்டாபேஸை நிர்வகிப்பவர்) நீட்டினால் மாடலை விளக்கிக்கொண்டிருக்கும் வேலை மிச்சம்.