காது கேளாத ஃபெரட்டுக்கு மணி கட்டிய வார்ப்பட்டை: வாங்கலாமா?

நெற்றியிலிருந்து கழுத்து வரை வெள்ளைப் பட்டை, சற்றே அகன்ற மண்டை. இந்த அடையாளம் உள்ள ஃபெரட்டுகளுக்கு (கீரி போன்ற நீண்ட உடல் கொண்ட வளர்ப்பு விலங்கு) வார்டன்பர்க் என்ற மரபணுக் குறைபாடு இருக்கலாம்; பல பிறவியிலேயே செவிடு. கூப்பிட்டால் வராது, சோபாவுக்கு அடியில் புகுந்தால் தேடுவது பெரும்பாடு. வார்ப்பட்டையின் மணி உதவுவது ஃபெரட்டுக்கல்ல, அதைத் தேடும் நமக்குத்தான்.

கழுத்துக்கும் மார்புக்கும் தனித்தனி வார் உள்ள எச் (H) வடிவ வார்ப்பட்டையே சரி. ஃபெரட்டின் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே பருமன் என்பதால் வெறும் கழுத்துப்பட்டை நழுவிவிடும். முதலில் கழுத்து வாரை மாட்டி, பிறகு முன்னங்கால்களுக்குப் பின்னால் உள்ளதை இறுக்குங்கள். சுண்டுவிரல் நுழையும் இடைவெளி போதும். நைலான் வார் நல்லது. ரப்பர் பூண் இருந்தால் வேண்டாம்: கடித்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும், அறுவைச் சிகிச்சை வரை போகும்.

கூண்டுக்குள் விடும்போது கழற்றிவிடுங்கள், கம்பியில் சிக்கும். தூங்கும்போது மாட்டவே கூடாது. செவிட்டு ஃபெரட் திடுக்கிட்டு எழுந்தால் கடிக்கும். படுக்கையை மெல்லத் தட்டி எழுப்பிவிட்டு மாட்டுங்கள்.

செவிடா என்பதை உறுதிசெய்ய மருத்துவரிடம் மூளைத்தண்டு செவிப் பரிசோதனைதான் வழி. வீட்டில் கைதட்டிப் பார்ப்பது ஏமாற்றும், அதிர்வையே அது உணர்ந்துவிடும். வெள்ளைப் பட்டை உள்ளதை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள்.