பன்னிரண்டு காண்ட்ராஸ்ட் ஃபில்டர்கள்: இருட்டறையில் பயன்படுத்திய பிறகு ஒரு மதிப்பீடு

கறுப்பு-வெள்ளைப் படம் அச்சிடப் பழகிய தொடக்க நாட்களில், அச்சின் அடர்த்தியையும் காண்ட்ராஸ்டையும் (வெளிர், கறுப்புப் பகுதிகளுக்கு இடையிலான வேறுபாடு) தாளில் பிம்பத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் கரைசலின் தட்டிலேயே சரிசெய்துவிடலாம் என்று நம்பியிருந்தேன். தாள் மிகுதியாகக் கறுப்பதுபோல் தோன்றினால் நேரத்துக்கு முன்பே எடுத்துவிடுவேன். வெளிறித் தெரிந்தால் நெடுநேரம் ஊறவிடுவேன். பாதியில் எடுத்த அச்சுகளில் கறுப்பு ஒருபோதும் முழுக் கறுப்பாக அமையவில்லை. திட்டுத்திட்டான சாம்பல்தான் கிடைத்தது. ரெசின் பூச்சுத் தாளை 20 டிகிரி செல்சியஸ் கரைசலில் உரிய ஒரு நிமிடம் முழுவதும் வைத்திருந்து, மற்ற முடிவுகளையெல்லாம், நெகடிவின் பிம்பத்தைப் பெரிதாக்கித் தாளில் விழச்செய்யும் என்லார்ஜரிலேயே எடுக்க வேண்டும் என்பதை எனக்குக் கற்றுத்தந்தது இந்த ஃபில்டர் தொகுப்புதான்.

00 முதல் 5 வரை, காண்ட்ராஸ்ட் அரை அரைப் படியாக உயரும் பன்னிரண்டு ஃபில்டர்கள் இதில் உள்ளன. 1940ஆம் ஆண்டு இல்ஃபோர்ட் நிறுவனம் மல்டிகிரேடு என்ற பெயரில் அறிமுகப்படுத்திய தாளைப் போன்ற, காண்ட்ராஸ்டை மாற்றத்தக்க தாள்களுக்கு மட்டுமே இவை பயன்படும். அத்தகைய தாளின் பூச்சில் கலந்துள்ள பகுதிகள் யாவும் நீல ஒளியை உணர்பவை. பச்சை ஒளியை உணரும் திறன்தான் பகுதிக்குப் பகுதி வேறுபடுகிறது. மஞ்சள் ஃபில்டர் நீலத்தைத் தடுத்துப் பச்சையை விடுவதால் மென்மையான (காண்ட்ராஸ்ட் குறைந்த) அச்சு கிடைக்கிறது. மெஜந்தா ஃபில்டர் பச்சையைத் தடுப்பதால் கடினமான (காண்ட்ராஸ்ட் மிகுந்த) அச்சு கிடைக்கிறது. ஒரே பெட்டித் தாளை வைத்துக்கொண்டு, தட்டையான நெகடிவையும் மிகையான காண்ட்ராஸ்ட் உள்ள நெகடிவையும் அச்சிட முடிவது இதனால்தான்.

வெளிர் பகுதிக்கான நேரம், கறுப்புக்கான ஃபில்டர் எண் என்ற இரண்டு முடிவுகளைத் தனித்தனியே எடுக்க உதவுவதே இத்தொகுப்பின் பெரும்பயன் என்பது என் கருத்து. ஜன்னலோரத்தில் வெள்ளைச் சட்டையுடன் அமர்ந்திருக்கும் ஒருவரின் படத்தை எடுத்துக்கொள்வோம். சட்டையின் மடிப்புகள் மெல்லிய சாம்பலாகத் தெரியும் நேரத்தை 2ஆம் எண் ஃபில்டரில் சோதனைத் துண்டு (வெவ்வேறு நேரங்கள் ஒளியூட்டிப் பார்க்கும் சிறு தாள்) போட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். அதன் பிறகே நாற்காலியின் அடியில் உள்ள நிழலைப் பார்க்க வேண்டும்: நிழல் சாம்பலாக நின்றால் ஃபில்டர் எண்ணைக் கூட்ட வேண்டும், விவரமின்றி அடைத்துக்கொண்டால் குறைக்க வேண்டும். இந்த மதிப்பீட்டைச் சிவப்புப் பாதுகாப்பு விளக்கில் செய்யாமல், பிம்பத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர் கரைசல் முடிந்த பிறகு வெள்ளை ஒளியில் செய்வது மிக முக்கியம். பாதுகாப்பு விளக்கின் கீழ் எந்த அச்சும் உள்ளதைவிடக் கறுப்பாகவே தோன்றும்.

இங்கேதான் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டிய ஒரு வரம்பு இருக்கிறது. 00 முதல் 3½ வரை எக்ஸ்போஷர் (ஒளியூட்டும்) நேரத்தை மாற்ற வேண்டாம், 4 முதல் 5 வரை இரட்டிப்பாக்க வேண்டும் என்று குறிப்புத்தாள் சொல்கிறது. ஆனால் அந்தப் பொருத்தம் ஒரு நடுத்தரச் சாம்பலுக்கே உரியது. 2இலிருந்து 3½க்கு மாறும்போது அதே நேரத்தை வைத்தால் நடுச்சாம்பல் அசையாமல் நிற்கும். சட்டையின் மடிப்புகளோ வெளிறிப் போகும். ஆகவே எண்ணை மாற்றும் ஒவ்வொரு முறையும் வெளிர் பகுதிக்கு மறுபடி ஒரு சோதனைத் துண்டு போடுவதே நல்லது.

தொகுப்பில் நான் மிகுதியாகப் பயன்படுத்துபவை இரு முனைகளிலும் உள்ள 00, 5 ஆகிய இரண்டு ஃபில்டர்களே. முதலில் 00 கொண்டு வெளிர் பகுதிக்கான நேரத்தையும், அந்த எக்ஸ்போஷரைக் கொடுத்த தாளின் மீதே 5 கொண்டு கறுப்புக்கான நேரத்தையும் கண்டறிகிறேன். 5இன் ஒளி வெளிர் பகுதியையும் சிறிது தொடுவதால், இறுதி அச்சில் 00இன் நேரத்தைச் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கும். இம்முறையின் அழகு பர்னிங் (ஒரு பகுதிக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுத்தல்), டாட்ஜிங் (ஒரு பகுதியை மறைத்து ஒளியைக் குறைத்தல்) செய்யும்போது வெளிப்படுகிறது: வெளிறிய வானத்துக்கு 00இல் கூடுதல் ஒளி கொடுத்தால், அதன் குறுக்கே நீளும் மரக்கிளைகள் அதிகம் கறுக்காமலே மேகங்கள் உருப்பெறுகின்றன, 5இன் எக்ஸ்போஷரின்போது முகத்தை மறைத்தால், கன்னத்தின் நிழல் மட்டும் இளகுகிறது. ஒரே ஃபில்டரில் இவ்வளவு நுட்பமாக என்னால் இதைச் செய்ய முடிந்ததில்லை.

லென்ஸுக்கு மேலே வைப்பவை, கீழே மாட்டுபவை என இருவகை கிடைக்கின்றன. கீழே மாட்டுபவை பிம்பத்தின் பாதையிலேயே இருப்பதால் ஒரு விரல்ரேகைகூடக் கூர்மையையும் காண்ட்ராஸ்டையும் குறைக்கும்; என்லார்ஜரில் ஃபில்டர் அறை இருந்தால் மேலே வைப்பவற்றையே வாங்கலாம், ஆனால் ஃபில்டரை மாற்றும்போது என்லார்ஜரின் தலைப்பகுதி அசையக் கூடாது. இவற்றின் சாயம் வெப்பத்தாலும் ஒளியாலும் காலப்போக்கில் வெளிறக்கூடியது என்பதால், வேலை முடிந்ததும் உறையில் இட்டு வைக்க வேண்டும். வண்ணத் தலையுள்ள (ஃபில்டர்கள் உள்ளேயே அமைந்த) என்லார்ஜர் வைத்திருப்பவர்கள் மஞ்சள், மெஜந்தா குமிழ்களைத் திருப்பியே பெரும்பாலான காண்ட்ராஸ்ட் தரங்களை (ஃபில்டர் எண்களுக்கு இணையானவை) பெறலாம். அவற்றில் பலவும் 5ஆம் தரத்தின் முழுக் கடினத்தை எட்டுவதில்லை என்பதால், அவர்களில் மெலிந்த, காண்ட்ராஸ்ட் குறைந்த நெகடிவ்களை அடிக்கடி அச்சிடுபவர்களுக்கு மட்டும் இத்தொகுப்பைப் பரிந்துரைப்பேன்.