டைரக்ட் புஷ் ரிக்: மண் மாதிரிக்குத் தாராளமாக எடுக்கலாம், கிணற்றுக்கு மண்ணைப் பார்த்துத்தான்

எரிபொருள் தொட்டிக் கசிவு, கரைப்பான் கசிவு என்று எதுவானாலும் நிலத்தடி நீர் மாசு ஆய்வுக்கு இப்போது முதலில் வந்து நிற்பது டைரக்ட் புஷ் ரிக்தான். இது சுழன்று துளைப்பதில்லை. வண்டியின் எடையாலும் ஹைட்ராலிக் சுத்தியலாலும் எஃகுக் குழாயை நேராக இறக்குகிறது. மாதிரியைத் தவிர மண் மேலே வராது என்பதால், மாசு மண்ணை டிரம்மில் அடைத்து அப்புறப்படுத்தும் செலவு பெரும்பாலும் மிச்சம். பாறை, உருண்டைக் கல், இறுகிய சரளை இருந்தால் அதோடு நின்றுவிடும். அங்கே இதைக் கூப்பிடவே வேண்டாம்.

அமர்த்தும்போது ஒற்றைக் குழாயா, இரட்டைக் குழாயா என்று கேளுங்கள். ஒற்றைக் குழாயில் ஒவ்வொரு மாதிரிக்கும் முழுக் கம்பியையும் உருவி, திறந்து கிடக்கும் அதே துளையில் மறுபடி இறக்க வேண்டும். இடையில் மேல்மண் சரிந்து அடியில் விழும். அதை அடிமண் என்று ஆய்வகத்துக்கு அனுப்பினால், ஆழத்தில் இல்லாத மாசு இருப்பதாக அறிக்கை வரும். இரட்டைக் குழாயில் வெளிக்குழாய் துளையைத் தாங்கி நிற்கும். உள்ளே லைனர், அதாவது மண் மாதிரியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை, மட்டும் ஏறி இறங்கும். கூடுதல் வாடகை கேட்டாலும் தகும்.

லைனர் 1.5 மீட்டர் இறங்கி 1 மீட்டர் மண்தான் வந்தது என்றால், காரணம் தெரியாமல் ஆழம் குறிக்கக் கூடாது. இளகிய வண்டல் அமுங்கியிருக்கலாம். கல் ஒன்று வாயை அடைத்திருக்கலாம். தளர்ந்த மணல் தூக்கும்போது நழுவியிருக்கலாம். இதற்கு மட்டும் கோர் கேட்சர், அதாவது லைனர் வாயில் மண்ணை நழுவவிடாமல் பிடிக்கும் விரல் போன்ற தடுப்பு, உதவும். இறக்கிய நீளம், வந்த நீளம் இரண்டையும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே மணல் வெளிக்குழாய்க்குள் பொங்கி ஏறினால், சுத்தமான நீர் ஊற்றி உள்மட்டத்தை உயர்த்தினால் அடங்கும். ஊற்றிய அளவைக் குறித்துவைத்து, அதைவிட அதிகமாகப் பின்னர் வெளியேற்ற வேண்டும்.

லைனரை வெட்டிய நிமிடத்திலிருந்து ஆவியாகும் சேர்மங்கள் பறந்துகொண்டேயிருக்கும். ஆகவே முதலில் சிறு சிரிஞ்சால் சுமார் 5 கிராம் மண் எடுத்து, முன்பே எடை போட்ட மெத்தனால் குப்பியில் போட்டு மூடுங்கள். குப்பியின் மரையில் மண் துகள் ஒட்டினால் மூடி கசியும். மண் வகை எழுதுவது, படம் எடுப்பது எல்லாம் அதற்குப் பிறகு. எங்கே எடுப்பது என்று தேர்வதற்குப் பிஐடி கருவி (புற ஊதா விளக்கால் ஆவியை அளப்பது) நல்ல துணை. ஆனால் வழக்கமான 10.6 எலக்ட்ரான் வோல்ட் விளக்குக்கு கார்பன் டெட்ராகுளோரைடும் குளோரோஃபார்மும் டைகுளோரோமீத்தேனும் தெரியாது. அந்த இடங்களில் கருவி பூஜ்யம் காட்டினால் நிம்மதி அடைய வேண்டாம்.

இதுவரை புகழ்ச்சிதான். இதே ரிக்கில் கண்காணிப்புக் கிணறும் (நீர் மாதிரி எடுக்கும் சிறு குழாய்க் கிணறு) போட்டுத் தருகிறோம் என்பார்கள். அங்கேதான் யோசிக்க வேண்டும். சல்லடைக் குழாயைச் சுற்றி மணலை ஏற்கெனவே கட்டிவைத்த ப்ரீபேக் ஸ்கிரீன் மணற்பாங்கான நிலத்தில் நன்றாகவே வேலை செய்கிறது. களிமண்ணில் சிக்கல். குழாய் மண்ணைப் பக்கவாட்டில் நெருக்கி இறங்குவதால் துளைச் சுவர் வழவழவென்று பூசப்பட்டு நீர் ஊறுவது குறைகிறது. எவ்வளவு இறைத்துக் கலக்கினாலும் கலங்கல் தெளியாத கிணறுகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை. அங்கே ஹாலோ ஸ்டெம் ஆகர், அதாவது நடுத்தண்டு உள்ளீடற்ற திருகுத் துளைப்பான், கேட்பதே சரி. ஆகரும் பூசும், ஆனால் சுற்றிலும் தாராளமாக மணல் போட இடம் இருக்கும்.

டைரக்ட் புஷ்ஷில் இறக்கிய வெளிக்குழாய்க்கும் உள்ளே நிற்கும் கிணற்றுக் குழாய்க்கும் இடையே விரல் அளவுதான் இடைவெளி. நீர் பட்டால் உப்பி அடைக்கும் பென்டோனைட் களிமண் உருண்டைகளை மொத்தமாகக் கொட்டினால் பாதியில் சிக்கிக்கொள்ளும், கீழே வெற்றிடம். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் எடை கட்டிய டேப்பால் ஆழம் பாருங்கள். ஸ்கிரீனுக்கு மேல் 0.6 மீட்டர் மணல், அதற்கு மேல் 0.6 மீட்டர் பென்டோனைட், பிறகு அடியிலிருந்து குழாய் வழியே கிரவுட், அதாவது சிமென்ட் கூழ். நீர்மட்டத்துக்கு மேலே போடும் பென்டோனைட்டுக்கு நீங்களே நீர் ஊற்ற வேண்டும். இந்த அடுக்கில் குறை வைத்தால் சிமென்ட் ஸ்கிரீனுக்குள் இறங்கி, நீரின் பிஎச் 10-ஐத் தாண்டி நிற்கும்.

முக்கால் அங்குலக் கிணறு வேண்டவே வேண்டாம். சாதாரண நீர்மூழ்கி பம்ப் நுழையாது. உறிஞ்சும் பெரிஸ்டால்டிக் பம்போ நீர்மட்டம் 8 மீட்டருக்குக் கீழே போனால் இழுக்காது. இழுக்கும் ஆழத்திலும் குறைந்த அழுத்தத்தில் வாயு பிரிந்து, ஆவியாகும் சேர்மங்கள் உள்ளதைவிடக் குறைவாகப் பதிவாகலாம். நிமிடத்துக்கு 100 முதல் 500 மி.லி. வரை மெதுவாக எடுக்கும் முறைக்கு ஏற்ற விட்டத்தையே ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

விலைப் புள்ளியில் துளையை மூடும் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கிணறாகாத துளையை மண் தள்ளி மூடிவிட்டுப் போகும் குழுக்கள் உண்டு. டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான் நீரைவிடக் கனமானது. களிமண் அடுக்கைத் துளைத்துவிட்டு அடியிலிருந்து கிரவுட் ஏற்றாமல் போனால், மேலே தங்கியிருந்த மாசு அந்தத் துளை வழியாகவே கீழ் நீர்த்தாங்கிக்கு இறங்கும்.