காஸ்ட்லெஸ் கலெக்டிவ்வா, பிரதீக் குஹாத்தா? எத முதல்ல கேக்கலாம்

இன்டி மியூசிக் (சினிமாவ நம்பாம சொந்தமா பண்ற பாட்டு) பக்கம் புதுசா வர்றவங்க பேண்ட்ல ஆரம்பிக்கவா இல்ல தனியா எழுதி பாடுறவங்கள்ல ஆரம்பிக்கவான்னு கேக்கறாங்க, எனக்கு ரெண்டுமே உயிரு, அதனால பேண்டுக்கு காஸ்ட்லெஸ் கலெக்டிவ், தனியா பாடுறவருக்கு பிரதீக் குஹாத்னு இவங்கள வச்சே சொல்றேன்.

ஆளு
கலெக்டிவ்: இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்குன சென்னை கூட்டம், 2018 ஜனவரில மொத மேடை.
பிரதீக்: ஜெய்ப்பூர்ல பொறந்தவர், எழுதறது பாடறது எல்லாம் அவரே.

சத்தம்
கலெக்டிவ்: கானா, ராப், ராக் மூணும் கலந்து வரும், சட்டி, கட்ட மோளம்ங்கற தாள வாத்தியங்க எலக்ட்ரிக் கிடாரோட மோதுற எடத்துல நெஞ்சுக்குள்ளயே அடிக்கிற மாதிரி இருக்கும், ஸ்பீக்கர்ல சத்தமா வச்சு கேளுங்க.
பிரதீக்: மெதுவான கிடார், ஹெட்ஃபோன் போதும்.

வரி
கலெக்டிவ்: சாதி, இட ஒதுக்கீடு, மாட்டுக்கறின்னு நேரா பேசுவாங்க, நம்ம சென்னை பாஷைலயே. இதுக்காகவே நான் இவங்க பக்கம்.
பிரதீக்: காதல், பிரிவு, இந்தியும் இங்கிலீஷும். இவரோட ‘கோல்ட்/மெஸ்’ ஒபாமாவோட 2019 பிடிச்ச பாட்டு லிஸ்ட்லயே இருந்துச்சு.

ராத்திரி தனியா மனசு கனமா இருக்கா, பிரதீக். நாலு பேரோட சேந்து ஆடணும், கோவத்தையும் பாடணும்னா கண்ண மூடிட்டு கலெக்டிவ் போடுங்க.