உணவுப் பதிவு எடுத்துத் தருகிறோம் என்று போன் வந்தால் கொஞ்சம் பொறுங்கள்

வீட்டில் மாவு அரைத்து விற்பவர்கள், தள்ளுவண்டி போடுபவர்கள், ஊறுகாய், பொடி செய்பவர்கள்தான் இப்படிப் பதிவு எடுத்துத் தருவதாகச் சொல்லும் தரகர்களிடம் அதிகம் மாட்டுகிறார்கள். இணையத்தில் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம்) பதிவு என்று தேடினால் விளம்பரமாக முதலில் வரும் சில தளங்கள் அசப்பில் அரசுத் தளம் மாதிரியே இருக்கும். பெயரும் போன் எண்ணும் கொடுத்ததும் அழைப்பு வந்துவிடும். "இன்னைக்கே கட்டிடுங்க, இல்லன்னா ஆபீசர் வந்து கடைக்கு சீல் வச்சிடுவார்" என்று ஒரே அவசரம். ஆயிரக்கணக்கில் பணம் போகும்.

உண்மையான கட்டணம் எவ்வளவு தெரியுமா? 2011ஆம் ஆண்டு உணவு உரிமம், பதிவு ஒழுங்குமுறையில், ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்கு மிகாத சிறு வியாபாரிக்குப் பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். வரம்பும் கட்டணமும் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால் இன்றைய நிலவரத்தை உணவுப் பதிவுக்கான அரசின் இணையதளமான போஸ்காஸிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அதன் முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியும். முடியாவிட்டால் அது தரகரின் கடை. தரகர் கூலி வாங்குவதைக்கூட விடுங்கள். கூலியை அரசுக் கட்டணம் என்று சொல்லி வாங்குவதுதான் மோசடி. தளத்தில் கட்டிய ரசீதைக் கேளுங்கள், பேச்சு மாறும்.

பணத்தைவிடப் பெரிய சேதம் பின்னால் வருகிறது. பல தரகர்கள் விண்ணப்பத்தில் தங்கள் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுகிறார்கள். அதிகாரி ஏதாவது விளக்கம் கேட்டால் அந்த அறிவிப்பு தரகருக்குப் போகும், உங்களுக்கு வராது. பதில் இல்லாமல் விண்ணப்பம் கிடப்பில் கிடக்கும், சில நேரம் தள்ளுபடியும் ஆகும். பின்னாளில் முகவரி மாற்றவோ பொருள் சேர்க்கவோ ஓடிபி வேண்டும் என்றால் மறுபடி அவர் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டும். அதற்கும் ஒரு தொகை கேட்பார்.

அடுத்தது தொழில் வகை. தயாரிப்பாளர் என்று போட்டால் கேள்வி கூடும் என்பதால், முறுக்கு சுட்டு பாக்கெட் போடுபவரைக்கூட 'சில்லறை விற்பனை' என்று பதிந்துவிடுவார்கள். சான்றிதழ் சீக்கிரம் வரும். ஆய்வுக்கு வரும் அலுவலரிடம் அது செல்லாது. அடுப்பு எரியும் இடத்தில் சில்லறைப் பதிவைக் காட்டி என்ன பயன்?

போலிச் சான்றிதழும் உண்டு, வேறொருவர் எண்ணின் மேல் உங்கள் பெயரை ஒட்டியது. உண்மையான பதிவு எண் 14 இலக்கம். முதல் இலக்கம் 2 என்றால் பதிவு, 1 என்றால் பெரிய தொழில்களுக்கான உரிமம். அடுத்த இரண்டும் மாநிலம் (தமிழ்நாட்டுக்கு 24), அதற்கடுத்த இரண்டும் ஆண்டு. இலக்கங்கள் சரியாக இருந்தால் மட்டும் போதாது. போஸ்காஸ் முகப்பில் எண்ணைக் கொடுத்துத் தேடி, பெயர், முகவரி, தொழில் வகை, நடப்பில் உள்ளதா என்று நான்கையும் பாருங்கள். 2022 ஜனவரியிலிருந்து நீங்கள் வாடிக்கையாளருக்குத் தரும் ரசீதிலும் இந்த எண் இருக்க வேண்டும் என்பதால் போலி எண் வாடிக்கையாளர் கையிலேயே மாட்டும்.

கூடவே ஜிஎஸ்டியும் 'பேக்கேஜ்' என்று தலையில் கட்டுவார்கள். தேவையில்லாமல் எடுத்துவிட்டால் வியாபாரமே நடக்காத மாதத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.

தரகர் வாயே திறக்காத விஷயம் சுகாதார விதிகள், அதாவது அட்டவணை 4. குடிக்கத் தகுந்த தண்ணீர், மூடிய குப்பைத்தொட்டி, தொற்றுநோய் இல்லாத பணியாளர் என்று நீளும் அது. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் மொத்த துருவச் சேர்மங்கள் (எண்ணெய் கெடும்போது அதில் உருவாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டும். அந்த எண்ணெயில் சமைக்கவே கூடாது. செய்தித்தாளில் வடை மடிப்பதும் கூடாது, அச்சு மை உணவில் இறங்கும். சான்றிதழ் சுவரில் தொங்குவதாலேயே இதிலிருந்து விலக்கு கிடையாது.

நீங்களே விண்ணப்பிப்பது அப்படியொன்றும் கடினமில்லை. புகைப்படம், அடையாளச் சான்று, உங்கள் சொந்தக் கைப்பேசி எண், சரியான தொழில் வகை, இவை போதும். 2011 விதிப்படி 7 நாளில் பதிவு கொடுக்க வேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு உத்தரவிட வேண்டும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் பணப் பரிமாற்ற எண்ணைச் சொல்லுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிவிடும். உரையாடல், ரசீதுப் படங்களை அழிக்க வேண்டாம். பதிவு உண்மையானதாக இருந்து கைப்பேசி எண் மட்டும் தரகருடையது என்றால், அடையாளச் சான்றோடு மாவட்ட உணவு பாதுகாப்பு நியமன அலுவலர் அலுவலகத்தில் எழுத்துமூலம் மனு கொடுத்து மாற்றக் கேளுங்கள். மனுவின் நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.