இன்சுலின் போட சிரிஞ்சா, பேனாவா? ஒரு நர்ஸின் ஒப்பீடு

"நாளையிலிருந்து இன்சுலின்" என்று டாக்டர் சீட்டில் எழுதிவிடுவார். அதை வீட்டில் எப்படிப் போடுவது என்று சொல்லித்தருகிற வேலை பெரும்பாலும் நர்ஸிடம்தான் வந்து சேரும். வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சிஸ்டர், பேனா வாங்கிடட்டுமா?" என்பது. பேனா வடிவில் வருகிற, அளவைத் திருப்பி வைத்துப் போடும் இன்சுலின் ஊசியைத்தான் சொல்கிறார்கள். பேனா என்றால் வலிக்காது, தப்பு வராது, புதுசு. சிரிஞ்ச் என்றால் பழசு, வசதியில்லாதவர்களுக்கு என்று மனதில் ஏற்கெனவே எழுதிவைத்துவிட்டு வருகிறார்கள்.

என் கருத்து வேறு. கண் எப்படி, கை எப்படி, வீட்டில் யார் துணை, மாதாமாதம் வாங்க முடியுமா என்ற நான்கையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எதை எடுத்தாலும் அதிலேயே நிற்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். சிரிஞ்சை மட்டும் ஒழுங்காகப் பயன்படுத்துகிறவரும் நன்றாக இருக்கிறார், பேனாவை மட்டும் பயன்படுத்துகிறவரும் நன்றாக இருக்கிறார். இரண்டையும் கலந்து வைத்துக்கொள்கிறவர்தான் ஆபத்தில் மாட்டுகிறார்.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நம் ஊரில் அரசு மருத்துவமனையில் கொடுக்கிற, மருந்துக்கடையில் அதிகம் விற்கிற இன்சுலின் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். 10 மில்லி பாட்டில் என்றால் மொத்தம் 400 யூனிட். பேனாவுக்குள் போடும் 3 மில்லி கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட், மொத்தம் 300. அளவில் சின்னது, ஆனால் மருந்து இரண்டரை மடங்கு அடர்த்தி. சிரிஞ்சும் இரண்டு வகை. சிவப்பு மூடி போட்டது 40 யூனிட் மருந்துக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. கோடுகளும் வேறு வேறு: ஒரு மில்லி சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு ஒரு யூனிட், ஒரு மில்லி ஆரஞ்சு மூடியில் ஒரு கோடு இரண்டு யூனிட்.

இப்போது ஒருவருக்கு 20 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். பேனா ரிப்பேர் ஆகிவிட்டது, ஊசி தீர்ந்துவிட்டது, கார்ட்ரிட்ஜில் மருந்து மிச்சம் இருக்கிறது. "மருந்து வீணாப் போகுதே" என்று சிவப்பு மூடி சிரிஞ்சால் கார்ட்ரிட்ஜிலிருந்து உறிஞ்சி 20 கோடு வரை எடுக்கிறார். அது அரை மில்லி. உள்ளே போவது 50 யூனிட். ராத்திரி நேரமானால், தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கி எழுப்பினால் எழாத நிலை வரைக்கும் போகலாம். தலைகீழாகவும் நடக்கும். 40 யூனிட் பாட்டில் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 வரை எடுத்தால் உள்ளே போவது வெறும் 8 யூனிட். "மருந்து வேலை செய்யலை" என்று வந்து நிற்பார், அளவைக் கூட்டிவிடுவார்கள், அடுத்த தடவை சரியான சிரிஞ்ச் கைக்கு வரும்போது லோ சுகர் ஆகும்.

அதனால் அளவு கூட்டச் சொல்லி வருகிற யாரிடமும், பாட்டிலையும் சிரிஞ்சையும் கையோடு எடுத்துவரச் சொல்லிப் பார்ப்பதே முதல் வேலை. சீட்டைப் பார்த்தால் தெரியாது. மூடியின் நிறத்தையும் பாட்டிலில் அச்சிட்ட எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

சிரிஞ்சின் பக்கம்

சிரிஞ்சில் படிகள் அதிகம். கை கழுவ வேண்டும், பாட்டில் மூடியைத் துடைக்க வேண்டும், எடுக்கப்போகும் அளவுக்குக் காற்றை இழுத்து பாட்டிலுக்குள் தள்ள வேண்டும், கவிழ்த்துப் பிடித்து மருந்தை எடுக்க வேண்டும், குமிழி இருந்தால் தட்டி வெளியேற்ற வேண்டும். காற்று தள்ளும் படியைப் பலர் விட்டுவிடுவார்கள். நாலு நாள் ஒன்றும் தெரியாது. அப்புறம் பாட்டிலுக்குள் அழுத்தம் குறைந்து, மருந்து இழுக்கவே கஷ்டமாகும், குமிழியும் அதிகமாகும். குமிழி நரம்புக்குப் போய் உயிரை எடுத்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: தோலுக்கடியில் போகும் குமிழியால் அப்படி ஒன்றும் ஆகாது. ஆனால் அது இருக்கும் இடத்தில் மருந்து இல்லை, அளவு குறைகிறது. அதற்காகத்தான் தட்டுகிறோம்.

சிரிஞ்சின் பெரிய பலம், எடுத்த மருந்து கண்முன் தெரிவது. 18 யூனிட் எடுத்தாயிற்றா, போட்டதும் காலியாயிற்றா என்று பக்கத்தில் நிற்கிற மருமகளும் பார்க்கலாம், பேரனும் பார்க்கலாம். பார்க்கக் கலங்கலாகவே வரும் இன்சுலினையும் தெளிந்த இன்சுலினையும் ஒரே சிரிஞ்சில் சேர்த்துப் போடச் சொல்லியிருந்தால், அதைச் செய்ய சிரிஞ்சால்தான் முடியும். தெளிந்ததை முதலில், கலங்கியதை அடுத்து எடுக்க வேண்டும். கிளார்ஜின் போன்ற நீண்டநேர இன்சுலினை மட்டும் எதோடும் கலக்கக் கூடாது.

பலவீனம் கண். சர்க்கரை நோயில் விழித்திரை கெட்டவருக்கும், புரை முற்றியவருக்கும் அந்தக் கோடுகள் தெரியவே தெரியாது. வெட்கப்பட்டு "தெரியுது சிஸ்டர்" என்பார்கள். அதனால் தெரிகிறதா என்று நான் கேட்பதில்லை. ஒரு சிரிஞ்சில் 14 யூனிட் எடுத்துக் கையில் கொடுத்து, "இது எவ்வளவுன்னு சொல்லுங்கம்மா" என்பேன். பதில் தடுமாறினால் அவர் தனியாகச் சிரிஞ்ச் போடக் கூடாது. கை நடுக்கம், மூட்டு வளைவு உள்ளவர்களிடம் அதே அளவை அவர்களையே எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஊசி நீளத்தையும் பார்க்க வேண்டும். சிரிஞ்சில் 6 அல்லது 8 மில்லிமீட்டர் ஊசி இருக்கும். ஒல்லியானவர் தோலைத் தூக்கிப் பிடிக்காமல் நேராகக் குத்தினால் தசைக்குள் போய் மருந்து சீக்கிரம் ஏறிவிடும். இரண்டு விரலால் தோலைத் தூக்கி, 8 மில்லிமீட்டர் என்றால் சாய்த்துப் போட்டு, ஊசியை எடுக்கும்வரை பிடியை விடாமல் இருக்க வேண்டும்.

பேனாவின் பக்கம்

பேனாவின் 4 மில்லிமீட்டர் ஊசி சின்னது, பெரும்பாலான பெரியவர்களுக்கு நேராகக் குத்தினாலே போதும். எண்ணைத் திருப்பி வைத்தால் அளவு வந்துவிடும். திருப்பும்போது சத்தம் கேட்கும், கண் மங்கியவருக்கு அது துணை. (சத்தத்தை மட்டும் எண்ணி அளவு வைக்கச் சொல்லிக்கொடுக்கக் கூடாது, எண்ணை ஒருவர் பார்த்தாக வேண்டும்.) வேலைக்குப் போகிறவர், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காருகிறவர், பஸ்ஸில் அலைகிறவர் எல்லோருக்கும் இது நிஜமாகவே நிம்மதி.

ஆனால் பேனாவில் தப்பு நடக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. அங்கேதான் நர்ஸ் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

ஒரு அம்மா, வயது அறுபதுக்கு மேல் இருக்கும், பேனா வாங்கி ஒரு மாதமாகியும் சர்க்கரை குறையவில்லை. "தினமும் தவறாமப் போடுறேன் சிஸ்டர்" என்றார். "சரிம்மா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், நீங்க வீட்டுல எப்படிப் போடுவீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்க" என்று பஞ்சுத் துண்டைக் கொடுத்தேன். ஊசியைப் பொருத்தினார், வெளி மூடியைக் கழற்றினார், உள் மூடியைக் கழற்றினார், 16 வரை திருப்பினார். எல்லாம் அழகு. பஞ்சில் குத்தினார். அப்புறம் பின்பக்கப் பட்டனை அழுத்தாமல், திருப்பிய குமிழை மெதுவாகப் பின்னோக்கித் திருப்பி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். எண் 0 காட்டியது, பஞ்சு காய்ந்தே இருந்தது. ஒரு மாதமாக ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. செய்து காட்டச் சொல்லாமல், வாயால் கேட்டு மட்டும் அனுப்பியிருந்தால் அவருக்கு அளவைக் கூட்டியிருப்பார்கள்.

இது அபூர்வமான தப்பு இல்லை. இதைப்போலவே உள் மூடியைக் கழற்றாமல் அழுத்துகிறவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் தானாக மூடிக்கொள்ளும் பாதுகாப்பு ஊசியில் பழகியவர்கள் வீட்டு ஊசியில் இப்படிச் செய்துவிடுவார்கள். அழுத்தியவுடன் ஊசியை உருவுகிறவர்களும் உண்டு; தோலில் ஈரம் தெரிந்தால் அது இன்சுலின்தான். பட்டனை முழுவதும் அழுத்தி, மனதுக்குள் பத்து எண்ணி, அப்புறம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 2 யூனிட் காற்றில் விட்டு ஊசி முனையில் சொட்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். "மருந்து வீண்" என்று பலர் இதைத் தவிர்ப்பார்கள், அடைப்பு இருப்பது தெரியாமலே போய்விடும். போட்டு முடித்ததும் ஊசியைக் கழற்றிவிட வேண்டும். மாட்டியே வைத்தால் மருந்து கசியும், காற்று உள்ளே போகும்.

இன்னொன்று: கணவன் மனைவி இருவருக்கும் சர்க்கரை, இருவருக்கும் ஒரே மருந்து, ஒரே பேனா. "ஊசியை மாத்திட்டுத்தானே போடுறோம்" என்பார்கள். ஊசியை மாற்றினாலும் கார்ட்ரிட்ஜுக்குள் ரத்தத் துளி பின்னோக்கிப் போக முடியும், தொற்று பரவும். ஒரு பேனா ஒரு ஆளுக்கு மட்டும். வார்டிலும் இதே விதிதான். பேனாவில் நோயாளி பெயர் ஒட்டாமல் தட்டில் வைக்கவே கூடாது.

பணம்

யூனிட்டுக்கு யூனிட் பார்த்தால் பாட்டில்தான் மலிவு. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுபோல வராது. காலை மாலை சேர்த்து 30 யூனிட் போடுகிறவருக்கு 400 யூனிட் பாட்டில் 13 நாள் வரும். பேனாவில் இரண்டு வேளைக்கும் சோதனைச் சொட்டு 4 யூனிட் சேர்த்து 34 போகும், 300 யூனிட் கார்ட்ரிட்ஜ் 9 நாள்கூட முழுதாக வராது. இவருக்கு சிரிஞ்ச்தான் கட்டுபடியாகும். இரவில் மட்டும் 10 யூனிட் போடுகிறவருக்கு வேறு கதை. திறந்தபின் 28 நாளில் தூக்கிப்போட வேண்டிய மருந்து என்றால், பாட்டிலில் 120 யூனிட் வீணாகும். சோதனைச் சொட்டு 2 யூனிட்டையும் சேர்த்தால் கார்ட்ரிட்ஜ் 25 நாளில் தானே தீர்ந்துவிடும். திறந்தபின் எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும், பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் இருக்கும். திறந்த தேதியைப் பாட்டில் மேலேயே எழுதிவிடுங்கள்.

இரண்டு மாதம் பேனா, காசு இல்லாத மாதம் சிரிஞ்ச் என்று மாறி மாறிப் போகப்போகிறவருக்கு நான் பேனாவைப் பரிந்துரைக்க மாட்டேன். மேலே சொன்ன 50 யூனிட் விபத்துக்கு அந்த வீடுதான் வழி.

எதை எடுத்தாலும் மாறாதவை

நேரம் கருவியைப் பொறுத்ததில்லை, மருந்தைப் பொறுத்தது. பேனா என்றால் தட்டில் உட்கார்ந்ததும் போடலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இரண்டு வகை முன்பே கலந்து வரும் வழக்கமான 30/70 மனித இன்சுலின் பேனாவில் வந்தாலும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்புதான். அஸ்பார்ட், லிஸ்ப்ரோ போன்ற வேகமானவைதான் சாப்பிட உட்காரும்போது. கிளார்ஜினுக்குச் சாப்பாட்டு நேரம் கணக்கில்லை, தினமும் ஒரே நேரம் முக்கியம்.

கலங்கிய இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவில் பத்து முறை உருட்டி, பத்து முறை கவிழ்த்து நிமிர்த்தி, ஒரே சீராகப் பால் நிறம் வந்தபின் போட வேண்டும். குலுக்கக் கூடாது.

தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் தள்ளி வயிறு, தொடையின் வெளிப்புறம், மேற்கையின் பின்புறம், பிட்டம் என்று இடம் மாற்ற வேண்டும். ஒரே இடத்தில் போட்டால் வலி குறைகிறது என்று அங்கேயே போடுகிறவர்களின் வயிற்றை விரலால் தடவிப் பார்த்தால் கொழுப்புக் கட்டி தட்டுப்படும். அதில் போட்ட மருந்து ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. அந்த இடத்தைவிட்டு மாற்றும்போது அளவைக் குறைக்க வேண்டிவரலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டே மாற்ற வேண்டும்.

திறக்காத மருந்து ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜில் ஐஸ் பெட்டிக்கு ஒட்டிவைத்தால் உறைந்துவிடும். ஒருமுறை உறைந்தது உருகினாலும் ஆகாது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், மருந்தை பிளாஸ்டிக் பையில் கட்டி, ஈர மணல் நிரப்பிய மண்பானையில் நிழலில் வைப்பது நல்ல வழி. பைக் பெட்டியும் கார் டேஷ்போர்டும் கூடாது.

லோ சுகர் அறிகுறியும் இரண்டுக்கும் ஒன்றுதான்: நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, குழப்பப் பேச்சு. ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழ் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழைக்க வேண்டும். இதை நோயாளிக்குச் சொல்வதைவிடக் கூடவந்தவருக்குச் சொல்வது முக்கியம், அந்த நேரத்தில் நோயாளியால் யோசிக்க முடியாது. சஷ்டி விரதமோ ரமலான் நோன்போ இருக்கப்போகிறவர் முன்கூட்டியே டாக்டரிடம் அளவைக் கேட்டுவிட வேண்டும். சாப்பாட்டை மட்டும் நிறுத்திவிட்டு ஊசியை அப்படியே போடக் கூடாது, தானாக ஊசியை நிறுத்தவும் கூடாது.

அப்படியானால் யாருக்கு எது? தனியாக வசிக்கிற, கண் மங்கிய, ஆனால் மாதச் செலவைத் தாங்கக்கூடிய பெரியவருக்குப் பேனா, முதல் மாதம் எண்ணைப் பார்க்க ஒருவர் துணையோடு. அரசு மருத்துவமனையில் மருந்து வாங்குகிற, கண் நன்றாக இருக்கிற அல்லது போட்டுவிட ஆள் இருக்கிறவருக்குப் பாட்டிலும் சிவப்பு மூடி சிரிஞ்சும், எந்தத் தாழ்வும் இல்லாமல். பள்ளிக்கோ வேலைக்கோ போய்க்கொண்டே நாளுக்கு மூன்று நான்கு முறை போட வேண்டியவருக்கு, வாங்க முடிந்தால் பேனா.

ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறுகிற நாளில், பழைய சிரிஞ்சுகளையும் மிச்சப் பாட்டிலையும் வீட்டில் வைக்காதீர்கள். பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு ஒப்படையுங்கள். குப்பை அள்ளுகிறவர் கையில் அது குத்தக் கூடாது.